மலைக்கு வந்த முதல் காலை

ஆவுடையப்பன் நாங்குநேரிப் பக்கத்துக் குளங்களில் முப்பது வருஷமாகப் பறவை பார்த்தவர். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் எந்தக் குரல் எந்தப் பறவையுடையது என்று சொல்லிவிடுவார். சுற்றுவட்டாரத்தில் யார் புதிதாக ஒரு பறவையைக் கண்டாலும் அவரிடம்தான் வந்து கேட்பார்கள்.

அப்படிப்பட்டவர், மலேசியாவில் ஒரு மலைக்கு வந்த முதல் காலையிலேயே திகைத்துப்போனார். மூடுபனிக்குள்ளிருந்து நாலா பக்கமும் குரல்கள். ஒன்றுகூடத் தெரிந்த குரலாக இல்லை.

அவருக்கு வழிகாட்ட ஒப்புக்கொண்டிருந்தவள் புஷ்பராணி. அங்கே தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நாற்பது வயதுகூட ஆகவில்லை. பள்ளி விடுமுறை விட்டால் அவளுக்கு இந்த மலையே கதி. "இங்க நீங்கதான் எனக்குக் குரு" என்று அறுபத்தொரு வயதுக்காரர் முந்தின நாளே சொல்லியிருந்தார்.

"பசியாறிட்டீங்களா, ஐயா?"

"எதுவும் இறங்கலை, டீச்சர். அது என்ன குரல்?"

"எது?"

"இந்தா... இல்லை, இப்ப வேற ஒண்ணு கத்துது."

இருவரும் நடந்தார்கள். ஐந்து மாதம் உட்கார்ந்து, மலேசியப் பறவைகள் பற்றிய ஒரு புத்தகத்திலிருந்த படங்களை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டுத்தான் அவர் விமானம் ஏறியிருந்தார். ஆனால் இந்தப் பனியில் பச்சை இறகு கறுப்பாகத் தெரிந்தது. சிவப்பும் கறுப்பாகத்தான் தெரிந்தது.

பாதை திரும்பும் இடத்தில் எதிர் மரம் மொத்தமாக அசைந்தது. ஒரு கூட்டம் வந்து இறங்கியது. எல்லாம் வேறு வேறு பறவைகள். மேலே இரண்டு, கீழே நான்கு, தண்டில் தலைகீழாக ஒன்று. ஆவுடையப்பன் தொலைநோக்கியை அங்கே திருப்பினார், இங்கே திருப்பினார். ஒன்றைப் பிடிப்பதற்குள் இன்னொன்று குறுக்கே பறந்தது. எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார்.

இரண்டே நிமிஷம். மரத்தில் இலைகள் மட்டும் இருந்தன.

குறிப்பேட்டைப் பார்த்தார். 'மஞ்சள்? நீள வால். அல்லது இரண்டா?' அவர் எழுத்து அவருக்கே புரியவில்லை. பாதையில் இருந்த சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் இன்னைக்கே கீழ இறங்கிடுதேன், டீச்சர். முப்பது வருஷம் பாத்ததெல்லாம் என்னத்துக்குன்னு இருக்கு. எங்க ஆரம்பிக்கன்னே தெரியலை."

புஷ்பராணி இன்னும் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எத்தனை பாத்தீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணு."

தவறாகக் காதில் விழுந்ததோ என்று நினைத்தார். "ஒண்ணா? இருபது, இருபத்தஞ்சு வந்துச்சே!"

"ஒண்ணுதான், ஐயா. சின்னது. பழுப்பு நிறம். ஒரு கம்பளிப்பூச்சியைப் பிடிச்சிச்சு. கிளையில வச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருந்துச்சு. முடியெல்லாம் உதிர்ந்த பிறகுதான் முழுங்கிச்சு. அப்புறம் அலகை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை துடைச்சிச்சு. போயிருச்சு."

"அது பேரு?"

"நெஞ்சும் வயிறும் சரியாத் தெரியல. பேர் சொல்ல முடியல."

ஆவுடையப்பனுக்குக் குழப்பம் கூடியது. கொஞ்சம் கோபமும் வந்தது.

"அத்தனையும் ஒண்ணா வந்து இறங்குது. நீங்க பேர் தெரியாத ஒண்ணையே பாத்துட்டு நின்னீங்களா? அப்ப மத்ததெல்லாம்?"

புஷ்பராணி திரும்பி அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை.

"மத்ததெல்லாம் நீங்கதானே, ஐயா, பாத்துக்கிட்டு இருந்தீங்க?"