வாரேன் என்று சொன்னவள்

"எப்போ வருவே?"

குடத்துக்குள்ளிருந்து குரல் கேட்டதும் அரியநாச்சி செம்பைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டாள். அது ஒருமுறை சுழன்று, ணங்கென்று அடியில் போய் உட்கார்ந்தது. குனிந்து பார்த்தாள். தண்ணீரில் அவள் முகம்தான் தெரிந்தது. முகத்தின் வாய் மூடியிருந்தது. குரல் மறுபடியும் கேட்டது.

"வாரேன்னு சொன்னியே, எப்போ வருவே?"

கழுதை முதுகில் உப்பு ஏறி, நாடு நாடாக நடந்து போன காலம் அது. கேட்டுக்கொள்ளுங்கள். அரியநாச்சி உப்புக்காரி. முந்தின நாள் உச்சி வெயிலில் காட்டுக்குள்ளிருந்த பழைய அரண்மனை வாசலில் ஒதுங்கினாள். "யாரு?" என்றது உள்ளிருந்து ஒரு ஆண்குரல். "உப்புக்காரி. நிழலுக்கு ஒதுங்கினேன்." "உட்காரு." வாசலோரத்துச் சின்னக் கல் ஒன்றில் உட்கார்ந்தாள். வெயில் தாழ எழுந்து, "சரி, வாரேன்" என்றாள். எந்த வாசலிலிருந்து கிளம்பினாலும் எல்லோரும் சொல்வதுதானே? போறேன் என்று யார் சொல்வார்கள்? அது திரும்பாமல் போகிறவர்களின் சொல்.

நாலடி நடந்து திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உள் என்று ஒன்றே இல்லை. கூரை இல்லை, சுவர் இல்லை. நிலைவாசல் மட்டும் தனியே நின்றது.

இப்போது குடம் கேட்கிறது.

கணவன் மாசானம் சிரித்தான். "ஏளா, குடத்து வாயில காத்துப் புகுந்தா ஊளையிடத்தான் செய்யும். காத்துக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு இருப்பியா?" குடத்தின் வாயில் துணியைக் கட்டினான். குரல் நின்றது. அவளுக்கும் அது காற்றாகவே இருக்கட்டும் என்றிருந்தது.

இரண்டாம் நாள் உரல் கேட்டது. உலக்கை விழும்போது "எப்போ" என்றது. எழும்போது "வருவே" என்றது.

ஊர் வைத்தியர் நாடி பார்த்தார். "உச்சி வெயில் தலைக்கு ஏறியிருக்கு தாயி. பித்தம். ஒரே தாளத்தில சத்தம் விழுந்தா காது தானா அதுல சொல்லைச் சேர்த்துக்கும்." கஷாயம் கொடுத்தார். குடித்தாள். உரல் அடங்கியது.

மூன்றாம் நாள் மகள் கேட்டாள்.

ஏழு வயதுப் பேச்சி வாய் ஓயாதவள். பக்கத்து வீட்டு ஆட்டோடு போட்ட சண்டையைச் சொல்லிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கண் அசையவில்லை. அந்தச் சின்ன வாயிலிருந்து அந்த ஆண்குரல் வந்தது.

"எப்போ வருவே?"

அதற்குப் பிறகு பேச்சிக்குப் பேச்சில்லை.

ஊர்ப் பண்டிதர் வந்தார். "நீ தூக்கத்தில் புலம்பியிருப்பாய். பிள்ளை கேட்டு அப்படியே திருப்பிச் சொல்கிறது. உன் பயம் போனால் அதற்குப் பேச்சு வரும்" என்றார். நல்ல மனிதர். சொன்னதும் நியாயமாக இருந்தது. ஆனால் அன்று மாலை பேச்சியின் பாதம் குளிர்ந்தது. விடிந்தபோது முழங்கால் வரை சாம்பல் நிறமாகியிருந்தது. அரியநாச்சி விரலால் தட்டினாள். கல்லில் தட்டிய சத்தம் கேட்டது.

மாசானம் இப்போது சிரிக்கவில்லை. மகளின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எங்கயாவது ஓடிருவோம்."

"குடத்துக்குள்ள வந்தது, உரலுக்குள்ள வந்தது. ஓடுற எடத்துக்கு வராதா? வாரேன்னு சொன்னது நான்தானே. நானே போய்க் கேக்கேன்."

உச்சிப் பொழுதில் போய்ச் சேர்ந்தாள். நிழல் அவள் காலடியில் சுருண்டிருந்தது. குருவிச் சத்தம்கூட இல்லை.

"வந்துட்டே" என்றது நிலைக்கல். அதில் ஒரு முகம் இருந்தது. மழையில் கரைந்த முகம்.

"வந்துட்டேன். பிள்ளையை விடு."

"உனக்கு முன்னால ஆறு பேர் வாரேன்னாங்க. ஒருத்தரும் வரலை."

"அவங்களுக்கும் பிள்ளைங்க இருந்துதா?"

"இருந்துது. இப்போ இங்கதான் நிக்குதுங்க."

அரியநாச்சி குனிந்து பார்த்தாள். புல்லுக்குள் ஆறு சின்னக் கற்கள். ஒன்று இடுப்பளவு, மற்றவை அதைவிடக் குட்டை. அன்று உட்கார்ந்த கல்லுக்குத் தோள் இருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன் இப்படிச் செய்யிறே?"

"நான் வாசக்காவல்காரன். ஒரு மந்திரவாதி என்னை இங்க நிறுத்தினான். 'நான் வாரேன், அதுவரை நில்லு'ன்னான். நின்னேன். ஊர் அழிஞ்சுது, நின்னேன். கால் கல்லாச்சு, நின்னேன். வாரேன்னு யார் சொன்னாலும் அவன் சொன்ன மாதிரியே இருக்கு. ஆளைத் தேடிக்கிட்டுக் கூடவே வந்துருதேன். நான் பேசுன பிள்ளை என்னை மாதிரியே கல்லா நின்னுருது."

"அவன் வரமாட்டான்."

"தெரியும். ஆனா வாரேன்னு சொல்லிட்டானே."

கல் முகத்திலிருந்து ஒரு பொட்டு மண் உதிர்ந்தது.

"நீ ஒருத்திதான் வந்தே. பிள்ளையை விட்டுட்டேன். போய்ட்டு வா."

அவள் உயிர் திரும்பியது. திரும்பியவுடன் நாக்கு பழகிய வழியில் கிளம்பியது. "சரி, வா—"

பல்லால் நாக்கைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. ஒரு சொல்லில் இவனைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். இதோ, இவளும் கட்டப் பார்த்தாள். அப்படியானால் அவிழ்க்கிற சொல்லும் ஒன்றுதான். அதைச் சொல்லிவிட்டு வீடு போய்ச் சேர்ந்தவர் யாரையும் அவள் கேள்விப்பட்டதில்லை. நிலையைப் பிடிக்கப் போன கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் போறேன்" என்றாள்.

காடு அசையாமல் நின்றது.

"நான் திரும்பி வரமாட்டேன். யாரும் வரமாட்டாங்க. நீயும் போ."

"போகலாமா?" என்றது கல். சின்னப் பிள்ளை கேட்பதுபோல் கேட்டது.

"போ."

நடந்தாள். இந்த மூச்சோடு முடியும், இந்த மூச்சோடு முடியும் என்று ஒவ்வொரு மூச்சாக விட்டுக்கொண்டு நடந்தாள். முதுகுக்குப் பின்னால் கல் பிளந்து விழுந்தது. திரும்பினாள். நிலைவாசல் இல்லை. ஆறு கற்களும் இல்லை. புழுதியில் சின்னச் சின்னப் பாதத் தடங்கள் ஆறு பக்கமும் ஓடியிருந்தன. நடுவே பெரிய தடம் ஒன்று, அவசரமில்லாமல்.

வீட்டில் பேச்சி எழுந்து உட்கார்ந்திருந்தாள். வைத்தியர் கஷாயம் வேலை செய்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாதம் சில நேரம் தானே இறங்கும் என்றார் பண்டிதர். இருக்கலாம். அரியநாச்சி மறுத்துப் பேசவில்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். மாசானம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க போனே நீ? பசிக்குதுன்னு எத்தனை தடவை கத்துறது? அப்பா கஞ்சியைத் தீய விட்டுட்டாரு, அந்த ஆடு மறுபடியும் வந்துச்சு, என்னால எந்திரிக்கவே முடியலை, நீயும் இல்லை..."

விடாமல் திட்டிக்கொண்டே பேச்சி அம்மாவின் பாதத்தை இழுத்து மடியில் வைத்தாள். குதிகாலில் ஒடிந்திருந்த முள்ளை நகத்தால் கிள்ளி எடுத்துத் தரையில் போட்டாள்.