தாமரைக் காசும் வெந்நீரும்

"நான் என்ன செஞ்சாலும் தப்பாவே போகுதுங்கம்மா."

துளசிமணி படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவதற்குள்ளேயே சொல்லிவிட்டாள்.

மலையடிவாரத்துக் குடிலின் பின்பக்கம் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். கஞ்சி குடிக்க வந்தவர்கள் போய்விட்டார்கள். எவர்சில்வர் டம்ளர்கள் குவியலாகக் கிடந்தன.

குடிலில் தினமும் கஞ்சி ஊற்றுகிறவரை ஊரே அம்மா என்று கூப்பிட்டாலும் அவருக்கு வயது முப்பத்தைந்துதான். துளசிமணிக்கு ஐம்பத்திரண்டு. அம்மா அவளை அக்கா என்பார்.

"பையைக் கீழ வைங்கக்கா."

"வெக்கிறேனுங்க. முதல்ல இதைக் கேளுங்க."

வைக்கவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"மூணு நாளா என் மூஞ்சியைப் பாக்கறதில்லைங்க. சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்திருக்காரு."

"சென்னியப்பண்ணனா?"

"வேற யாரு இருக்காங்க எனக்கு."

சென்னியப்பன் அவள் புருஷன். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஐந்து மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. கால் கொஞ்சம் தேறிவந்தது. வலது கைதான் மூடியது மூடியபடியே இருந்தது.

"பயிற்சி கொடுக்க வர்ற தம்பி சொல்லிட்டானுங்க. இப்பவே விரல் விரிஞ்சு கொடுக்கலைன்னா காலத்துக்கும் அப்படியே இறுகிப்போயிருமாம். தினமும் பிரிச்சு விடச் சொன்னான். நானும் ஒவ்வொரு விரலாப் பிடிச்சு இழுக்கறேன். பேச்சு வராட்டியும் கத்தறது வருதுங்க அவருக்கு. நான் இழுக்க இழுக்க இன்னும் இறுக்கிக்கறாரு."

அம்மா ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"அதுக்குத்தான் ஒரு யோசனை பண்ணினேன். கண்டக்டரா இருந்த காலத்துல அந்தக் கையில காசு உருண்டுட்டே இருக்கும். பழைய காசு சேக்கற கிறுக்கு வேற. தாமரைப் பூ போட்ட பித்தளைக் காசுன்னா உசுரு. அந்தக் காலத்து இருபது பைசாங்க. அதை எடுத்து நீட்டினா, வாங்கறதுக்காவது கையைத் திறப்பாருன்னு."

"நல்ல யோசனைதானேக்கா."

"காசு வெளிய வந்தாத்தானுங்களே."

பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்தாள். ஒரு சாண் நீளம். பழசாகி மஞ்சள் பாய்ந்திருந்தது. உள்ளே காசுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

"மூடி கழண்டு வந்துருச்சு. காசு வரல. கவுத்துத் தட்டினாலும் அசைய மாட்டேங்குது. அவரு போட்டு வெச்சப்ப நல்லா ஆடுமுங்க, நானே பாத்திருக்கேன். இத்தனை வருஷத்துல காசு வீங்கிப்போச்சோ என்னமோ."

அம்மா கையைக் கழுவிவிட்டுக் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"காசு வீங்குமாக்கா?"

துளசிமணி பையை மறுபடி இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"என்னென்ன செஞ்சு பாத்தீங்க?"

"தேங்கா எண்ணெய் விட்டேன். அம்மிமேல தட்டினேன். பக்கத்து வீட்டு ராசாத்தி, ஃப்ரிட்ஜுல வெச்சா காசு சுருங்கி விழுந்துரும்னா. ரெண்டு நாள் வெச்சேன்."

"விழுந்துச்சா?"

"இன்னும் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு."

"அப்புறம்?"

அவள் குரல் இறங்கிவிட்டது.

"கத்தி முனையை விட்டு நெம்பினேனுங்க."

மேலே இருந்த காசில் தாமரை இதழுக்குக் குறுக்காகப் பளிச்சென்று ஒரு கீறல்.

"அண்ணன் பாத்துட்டாரா?"

"நான்தான் கொண்டுபோய்க் காட்டினேன். பெருசா ஒண்ணும் ஆகலைன்னு சொல்றதுக்கு."

அம்மாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. துளசிமணி அதைப் பார்க்கவில்லை.

"அன்னிக்குத் திரும்பின மூஞ்சிதான். முன்ன ஒருக்கா இப்படித்தான், அவர் காசையெல்லாம் புளி போட்டுத் தேச்சுத் தங்கமாட்டம் ஆக்கி வெச்சேன். காசோட வயசையே தேச்சு எடுத்துட்டியேடின்னு ரெண்டு நாள் சோறு திங்கல. ஆனா அப்ப வாய் இருந்துச்சு, வைதாரு. இப்ப வையறதுக்கும் ஆள் இல்லாம நான் என்ன பண்ணட்டும்?"

அம்மா குழாயைக் கீழே வைத்தார். குவியலிலிருந்து இரண்டு டம்ளர்களை எடுத்து நீட்டினார். ஒன்றுக்குள் ஒன்று போய்ச் சிக்கியிருந்தது.

"இதைக் கொஞ்சம் பிரிச்சுக் கொடுங்கக்கா. காலையில இருந்து மல்லுக்கட்டறேன்."

துளசிமணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நான் என்ன சொல்லிட்டிருக்கேன், நீங்க டம்ளரைக் கொடுக்கறீங்க."

"எனக்கு வரலைக்கா."

இரண்டு கையும் வேண்டியிருந்தது. பையைக் கீழே வைத்தாள். பைக் காது அழுத்தி உள்ளங்கையில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது.

குடத்திலிருந்து பச்சைத் தண்ணீரை மொண்டு உள் டம்ளரில் ஊற்றினாள். அடுப்பில் கிடந்த வெந்நீரை ஒரு சட்டியில் ஊற்றி, வெளி டம்ளர் நனையும்படி அதில் நிறுத்தினாள். ராசாத்தி பேச்சைக் கேட்டதுதான் தப்பு என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு லேசாகத் திருகினாள். உள் டம்ளர் கையோடு வந்துவிட்டது.

"இழுக்கவே இல்லையேக்கா நீங்க."

"இழுத்தா வருமுங்களா? உள்ள இருக்கறது பாவம் என்ன பண்ணும்? எது பிடிச்சுட்டிருக்குதோ அதுக்குச் சூடு காட்டோணும். தானா விட்டுரும்."

சொன்னவள் அப்படியே நின்றாள்.

குழாயைப் பார்த்தாள். வீங்கினது காசு இல்லை, சுருங்கினது குழாய்.

அம்மா அடுத்த டம்ளரைத் துலக்க ஆரம்பித்திருந்தார்.

துளசிமணி சட்டியில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலந்தாள். கொதிக்கிற தண்ணீரில் பழைய பிளாஸ்டிக் நெளிந்துவிடும். பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டப் பார்ப்பதுபோல முழங்கையை விட்டுப் பார்த்தாள். அதைவிட ஒரு சொட்டு சூடு கூட இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாள். குழாயின் வாய்க்குள் தண்ணீர் போகாமல் நேராகப் பிடித்து இறக்கினாள்.

எடுத்துக் கவிழ்த்தாள். அசையவில்லை.

"வரலீங்க."

"சரி."

வெந்நீரை மாற்றி மறுபடி வைத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"இப்பவும் வரலீங்க."

"சரிக்கா."

மூன்றாவது தடவையும் வெந்நீரை மாற்றி வைத்து எடுத்தாள். துண்டை நாலாக மடித்துப் போட்டாள். அதன்மேல் குழாயைச் சாய்த்துப் பிடித்து, ஒற்றை விரலால் பக்கவாட்டில் தட்டினாள்.

கீறல் விழுந்த காசு முதலில் வழுக்கி வந்தது. அதன் பின்னாலேயே மற்றவை வரிசையாக வந்து துண்டில் சாய்ந்தன. ஒரு சத்தமும் இல்லை.

எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தன. முந்தானையை எடுத்துத் தேய்க்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். துண்டால் ஒற்றி மட்டும் எடுத்தாள்.

"அம்மா, இதைக் காட்டினா அவர் கையைத் திறந்துருவாருல்லீங்க?"

அம்மா சட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை விரலால் அளைந்தார்.

"இன்னும் சூடு இருக்குதுக்கா," என்றார். "கொட்ட மனசு வரல."

இது என்ன பதில் என்று நினைத்துக்கொண்டே துளசிமணி வீட்டுக்கு நடந்தாள்.

சென்னியப்பன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கட்டிலின் சுவர்ப்பக்கமாகக் கையை நீட்டி, அவர் கண்ணுக்கு நேராகக் காசுகளை வரிசையாக வைத்தாள்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இடது கையால் கீறல் விழுந்த காசை எடுத்தார். கீறலைப் பெருவிரலால் தடவிக்கொடுத்தார்.

வலது கை மூடியே கிடந்தது.

"ஏனுங்க, இந்தக் கையில வாங்குங்க."

அசையவில்லை.

அவள் கை அவர் சுண்டுவிரலை நோக்கிப் போனது. தொடவே இல்லை. அதற்குள் அவர் முகம் சுளித்துவிட்டது.

துளசிமணி கையை இழுத்துக்கொண்டாள். எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அந்தக் கைக்குச் சுடுவது தெரியாது என்று பயிற்சி கொடுக்கிற தம்பி சொல்லியிருந்தான். அதனால் முழங்கையை இரண்டு தடவை விட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக ஆன பிறகு சட்டியைக் கட்டிலோரம் வைத்து, அவரைத் தன் பக்கம் திருப்பிச் சாய்த்து உட்காரவைத்து, மணிக்கட்டைப் பிடித்துக் கையைத் தண்ணீருக்குள் இறக்கினாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த காசையே பார்த்தார்.

அவளும் விரலைப் பிரிக்கப் போகவில்லை. சும்மா இருக்கவும் வரவில்லை. பேசினாள். அம்மாவுக்கு டம்ளர் பிரிக்கத் தெரியாததைச் சொன்னாள். ராசாத்தியின் ஃப்ரிட்ஜில் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் குழாய் இரண்டு நாள் இருந்ததைச் சொன்னாள்.

"காசு வீங்கிப்போச்சுன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டேனுங்க."

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

வலிக்கிறதோ என்று பதறி நிமிர்ந்தாள். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அது சிரிப்பு என்று புரிய அவளுக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

தண்ணீருக்குள் குனிந்து பார்த்தாள்.

அவர் மணிக்கட்டை அவள் கை பிடித்திருந்தது. விரல் கணுக்கள் வெளுத்துப்போகிற அளவுக்கு இறுக்கமாக. எத்தனை நாளாக அப்படிப் பிடித்திருக்கிறாளோ, அவளுக்கே தெரியவில்லை.

விட்டாள்.

தன் கையை விரித்து அவர் கைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

தண்ணீர் மெல்ல ஆறிக்கொண்டு வந்தது. அவள் உள்ளங்கையில் அவர் பெருவிரல் நகர்ந்தது.