கட்டிப்போட்ட நாய்

ஆசிரமத்து நாயை வேப்பமரத்தில் கட்டிப்போட்டிருந்தார் திருமேனி. காலையிலிருந்து அதற்குச் சோறும் கிடையாது.

மலையடிவாரத்து ஊரில் சுகாதார ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவி போன பிறகு ஆசிரமமே கதி. குருவுக்கு இவரைவிட வயது குறைவுதான், ஆனாலும் அவரிடம் திருமேனி எழுந்து நின்றுதான் பேசுவார்.

"என்ன தப்பு பண்ணுச்சு?" என்று கேட்டார் குரு.

"ராத்திரி திருடன் வந்தான் சாமி. இது வாலாட்டிக்கிட்டு நின்னிருக்கு."

போன மாதம் இதே திருடன் கட்டம்போட்ட கைலியோடு வந்து சமையல்கட்டில் கைவைத்தான். ஓடும்போது கைலி வேலியில் மாட்டிக்கொண்டது. அதைக் காட்டிக் காட்டி நாயைப் பழக்கியவர் திருமேனிதான். அப்புறம் கைலி கட்டிய ஒருத்தனும் வாசலை மிதிக்க முடியவில்லை. நேற்று அவன் காவி கட்டி வந்துவிட்டான். காவி கட்டியவரைத் தடுப்பது ஆசிரமத்தில் வழக்கமில்லை. நாய்க்கும் அது தெரியும்.

"சமையல்கட்டு அண்டா போச்சா?"

"இல்ல. அதைத் தூக்கும்போதுதான் ஆளை வாடை பிடிச்சுப் பாஞ்சிருக்கு. அண்டாவைப் போட்டுட்டு ஓடிட்டான். பூசை மணி போச்சு."

நாயின் காலடியில் கிழிந்த காவித்துணி ஒன்று கிடந்தது. குரு அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு ஊர்ல ஊசி முகாமாமே. கொரோனாவுக்குப் புது ஊசி. சனங்க உங்க வாயைத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க."

"போடாதீங்கன்னு சொல்லப்போறேன் சாமி."

மனைவி செல்லக்கிளியை அழைத்துப்போய் இரண்டு ஊசியும் போட வைத்தவர் அவர். இனி ஒன்றும் வராது, மாஸ்க்கைத் தூக்கிப்போடு என்று சிரித்துக்கொண்டே அவளைக் கல்யாணத்துக்கு அனுப்பினார். காய்ச்சலோடு திரும்பினாள். மூச்சு முட்டியே போய்ச் சேர்ந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"கிருமி உருமாறிடுச்சாம். பழசைப் பாத்துப் பழகின உடம்புக்குப் புதுசை வாசல்லயே அடையாளம் தெரியலயாம். இந்த வியாக்கியானம் கேக்கவா அவளுக்கு ஊசி போட்டேன்?"

"ஊசி போட்ட மத்தவங்களுக்கு வரலியா?"

"வந்துச்சு. படுத்து எந்திரிச்சுட்டாங்க. அவ எந்திரிக்கல."

குரு கையிலிருந்த காவித்துணியை நீட்டினார்.

"இதை நாய்க்குக் காட்டிப் பழக்குங்க."

"நீங்களும் காவிதானே சாமி. உங்களையும் பாத்துக் குரைக்குமே."

"ரெண்டு நாளைக்குக் குரைக்கட்டும். பொறுத்துக்கிறேன்."

"அவன் அடுத்த தடவை வேற வேஷத்துல வருவான்."

"வருவான்."

திருமேனி துணியை வாங்கவில்லை.

"ஒண்ணும் வராதுன்னு நம்பித்தானே சாமி அவ போனா."

"வராதுன்னு சொன்னது நீங்க. ஊசி சொல்லல."

குரு தன் பங்குச் சோற்றைக் கொண்டுவந்து நாயின் முன்னால் வைத்தார். அது கயிறு எட்டாமல் கழுத்தை நீட்டிப் பார்த்தது. குரு கயிற்றில் கைவைக்கவில்லை.

"திருடன் அகப்படல. அந்தக் கோவத்துல நாயைக் கட்டிப்போட்டுட்டீங்க. இன்னைக்கு ராத்திரி வாசல்ல யாரு நிக்கிறது திருமேனி?"