தாளாளர் போட்ட டீ

“தப்பான பாஸ்வேர்டைத்தான் அடிச்சேன், அதுக்கும் உள்ள விட்டிருச்சுடி!” என்று ஒரு மாணவி தோழியிடம் சொல்லிச் சிரித்தது, கல்லூரி ஜெராக்ஸ் அறையில் இருந்த அமலோற்பவத்தின் காதில் விழுந்தது. கல்லூரியின் புதிய இணையதளம் என்று தாளாளர் விடுதிப் பெண்களுக்கு அனுப்பிய இணைப்பைத்தான் சொல்கிறாள். மதியம் கல்லூரியில் உள்ள இரண்டாயிரம் பேருக்கும் அதை அனுப்பப்போகிறார்.

அமலோற்பவம் தாளாளர் அறைக்கு ஓடினாள். “ஐயா, நீங்க அனுப்பின இணைப்பு போலித் தளம். தப்பான பாஸ்வேர்டைப் போட்டாலும் உள்ள விடுது. பிள்ளைங்க பாஸ்வேர்டெல்லாம் திருட்டுப் போயிரும்.”

“ஜெராக்ஸ் எடுக்கிறவ எனக்குப் பாடம் நடத்துறியா? அந்தத் தளத்துல என் படம் இருக்கு, அறிவிப்புக்குக் கீழே என் கையெழுத்தே இருக்கு! பத்து நிமிஷத்துல போலின்னு நிரூபி. இல்லேன்னா நாளையிலேருந்து வராதே.”

ஒன்பதாவது நிமிடத்தில் அமலோற்பவம் ஒரு தாளை நீட்டினாள். ‘இன்று தாளாளரே அனைவருக்கும் டீ போடுவார்’ என்றிருந்தது. கீழே அவர் கையெழுத்து.

“நான் எப்போ இதுல கையெழுத்துப் போட்டேன்?”

“நீங்க போடலை ஐயா. பழைய சுற்றறிக்கையிலேருந்து வெட்டி ஒட்டி நகல் எடுத்தேன். போலித் தளம் போட்டவனும் அதைத்தான் செஞ்சிருக்கான். ஆனா நம்ம அறிவிப்புல கம்ப்யூட்டர் போடுற டிஜிட்டல் கையொப்பத்தை அப்படி வேற அறிவிப்புல ஒட்ட முடியாது. அதைப் போடுற ரகசியச் சாவி நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு.”

அவருடைய கணினியிலேயே அந்தக் கையொப்பத்தைச் சோதித்துக் காட்டினாள். பழைய தளத்தின் அறிவிப்புக்கு ‘பொருந்துகிறது’ என்று வந்தது. புதிய தளத்தின் அறிவிப்புக்கு ‘பொருந்தவில்லை’ என்று வந்தது.

தாளாளர் இணைப்பை அழித்தார். பாஸ்வேர்டை உடனே மாற்றச் சொல்லி விடுதிக்குப் போன் செய்தார். பிறகு கதவைத் திறந்தால், அலுவலகமே கையில் டம்ளரோடு நின்றது. டீ அறிவிப்பின் இன்னொரு நகல் அறிவிப்புப் பலகையில் தொங்கியது.

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார்.