இன்னும் ஒரு கரண்டி

சிரிப்புக் கதைதான் இது. ஆனால் இப்போதே சிரித்துவிட வேண்டாம். சாப்பாட்டு நேரம், புரையேறும். பந்தி முடியட்டும்.

மடத்தில் மாசிலாமணி என்றொரு சீடன். பதினாறு வயது. பரிமாறுவது வேலை, எல்லார் குரலிலும் பேசுவது வித்தை. சமையற்காரரின் இருமலிலிருந்து சாமியின் கொட்டாவிவரை எதையும் விட்டுவைக்கமாட்டான்.

அன்று அவனிடம் மாட்டியவள் முத்தரசி. வயது ஏழு. இரண்டு இலைக்கான இடம் பிடிக்கும் உடம்பு. தினமும் மதியம் அம்மாவோடு வருவாள். அம்மா அளந்து வைக்கச் சொன்னதைத் தின்று முடித்துவிட்டு, நிமிராமல் கேட்பாள்:

"அண்ணே, இன்னும் ஒரு கரண்டி..."

மாசிலாமணி கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு, அதே குழைவில் இழுத்தான்: "அண்ணே, இன்னும் ஒரு கரண்டீ..."

பந்தியே சிரித்தது. முத்தரசி அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அம்மா சாமியிடம் வந்தாள்.

"பொறவியிலேயே இப்படி, சாமி. வயிறு நெறஞ்சாலும் அந்தச் சேதி மூளைக்குப் போய்ச் சேராதாம். மரபணுக் கோளாறுன்னு டாக்டர் சொன்னாரு. நாலு பேரோட உக்காந்தா அழாம சாப்பிடுவாளேன்னு கூட்டியாந்தேன். இனிமே வரலை."

அவள் போனதும் மாசிலாமணி முனகினான்.

"மரபணுவாம்! வாயைக் கட்டத் தெரியலை. நான் கட்டலையா, சாமி?"

"நாளைக்கு அவ எடத்துல நீ உட்காரு" என்றார் சாமி. "காலையில ஒண்ணும் தின்னாதே. எது வேணும்னாலும் அவ குரல்லதான் கேட்கணும்."

சாமிக்கும் தன் வித்தையில் ருசி தட்டிவிட்டது என்று மாசிலாமணிக்கு ஒரே குஷி.

மறுநாள் இலையில் ஒரு கரண்டி சோறு விழுந்தது. அது எந்த மூலைக்கு?

"அண்ணே, இன்னும் ஒரு கரண்டி..."

"அடடா, அச்சு அசல்!" சோற்றுக்காரன் சிரித்தபடி நகர்ந்தான். சாம்பார் நகர்ந்தது. பாயசமும் அவனைத் தாண்டிப் போயிற்று. மறுபடி கேட்டான். மறுபடி சிரித்தார்கள். அவன் கண் கலங்கியது.

"பார்றா, அழுகைகூட அப்படியே!"

பந்தி எழுந்து போனது. இப்போது சிரிக்கலாமே என்கிறீர்களா? இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

தலை குனிந்து உட்கார்ந்திருந்தவன் எதிரே சாமி சோற்றுப் பாத்திரத்தோடு வந்து அமர்ந்தார். பரிமாறினார். மாசிலாமணி வெட்கத்தை விட்டு அள்ளி அள்ளித் தின்றான். மேலும் வைத்தார். தின்றான். மேலும் வைத்தார்.

"போதும், சாமி! போதும்!" இரண்டு கைகளாலும் இலையை மறைத்தான்.

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"இதை அவ குரல்ல சொல்லு."

மாசிலாமணி கன்னத்தை உப்பவைத்தான். வாயைத் திறந்தான். அந்தச் சொல்லை அவள் சொல்லி அவன் கேட்டதே இல்லை.

இலையிலிருந்து கையை எடுக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தான்.