சேற்றில் ஒரு நாள் மட்டும் இருந்த தப்பு

காட்டுக் குளத்துக்கு இரண்டு கரைகள். மேட்டுக்கரையில் தண்ணீர் தெளிவாக இருக்கும். யானைகளும் மான்களும் அங்கே குடிக்கும். காட்டுப்பன்றிகளும் எலிகளும் அந்தப் பக்கம் வந்தால் விரட்டுவார்கள். பன்றிகளுக்கும் எலிகளுக்கும் பள்ளக்கரையின் கலங்கல்தான்.

பள்ளக்கரையில் ஒரு நண்டு இருந்தது. யார் யாரை விரட்டினார்கள், என்ன சாக்குச் சொன்னார்கள் என்பதைத் தினமும் ஈரச் சேற்றில் எழுதும். தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் நின்று படிப்பார்கள். மாலைக்குள் மிதிபட்டு அழிந்துவிடும்.

மேட்டுக்கரைக் குகையில் அறிஞர் அவை கூடும். ஓலையில் எழுதி, மூன்று மூத்தவர்கள் அதன் அடியில் கீறல் போட்டால்தான் அங்கே அது ஆராய்ச்சி. நண்டு அந்த அவையில் இடம் கேட்டது.

கருத்துச் சொல்ல முள்ளம்பன்றியை அழைத்தார்கள். குளத்தின் இரு கரைகளைப் பற்றி ஓலை எழுதிப் பெயர் வாங்கியது அதுதான். அது பிறந்தது பள்ளக்கரையில். அதனால் குகைக்குள் நுழையுமுன் கால்களை இரண்டு முறை கழுவிக்கொள்ளும்.

"சேற்றில் கிறுக்குவது ஆராய்ச்சி ஆகாது. அதைச் சரிபார்ப்பது யார்? எலியும் பெருச்சாளியுமா?" என்றது முள்ளம்பன்றி.

அவை சிரித்தது.

"அவர்கள்தான் பார்க்கிறார்கள்" என்றது நண்டு. "தப்பு இருந்தால் அன்றைக்கே சண்டைக்கு வந்துவிடுவார்கள். போன மாதம் ஒரு நாள் பதினொரு பன்றிகளை விரட்டினார்கள் என்று எழுதினேன். 'ஏய், என்னை ரெண்டு தடவை எண்ணிட்டியே' என்று கிழப்பன்றி சத்தம் போட்டார். மறுநாளே பத்து என்று திருத்திவிட்டேன்."

அவைத்தலைவர் ஆமை மெதுவாக முள்ளம்பன்றியின் ஓலையைப் பிரித்தது. பதினொன்று என்று இருந்தது. கீழே மூன்று கீறல்கள்.

"அந்தத் தப்பு ஒரே ஒரு நாள், சேற்றில் மட்டும்தானே இருந்தது? உன் ஓலைக்குள் எப்படி வந்தது, தம்பி?" என்று கேட்டது ஆமை.

கீறல் போட்ட மூவரும் தரையைப் பார்த்தார்கள்.

நண்டு முள்ளம்பன்றியிடம் தாழ்ந்த குரலில் சொன்னது: "மறுநாளும் வந்திருக்கலாமே, அண்ணே."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கும். பள்ளக்கரையில் யாராவது தன்னைப் பார்த்துவிடுவார்களோ என்று பயந்து, விடியுமுன் ஒரே ஒரு நாள் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு ஓடிவந்தது முள்ளம்பன்றிக்கு நினைவு வந்தது.

"உன் கருத்தை இன்னொரு முறை சொல். நண்டு எழுதுவது ஆராய்ச்சியா, இல்லையா?" என்றது ஆமை.

"ஆராய்ச்சிதான், ஐயா" என்றது முள்ளம்பன்றி, தலை நிமிராமல். "நான் எழுதியதுதான் இல்லை."

தன் முள் ஒன்றைப் பிடுங்கி, பதினொன்றை அடித்துப் பத்து என்று எழுதியது. அதன் அடியில் நண்டின் பெயரை எழுதியது. தான் உட்கார்ந்திருந்த இடத்தை நண்டுக்கு விட்டுவிட்டு, எல்லோரும் பார்க்கப் பள்ளக்கரைக்கு இறங்கி நடந்தது.

யாரிடம் கற்றோம் என்று சொல்லக் கூசுகிறவர், எத்தனை ஓலை எழுதினாலும் அறிஞர் ஆகமாட்டார்.