மூன்றாவது பூட்டு

ஒரே ஆற்றின் தண்ணீரைக் குடித்த மூன்று நாடுகளின் கதை இது, கேளுங்கள். மலையில் ஒரு நாடு, அதற்கு அரசன் கோடன். கடற்கரையில் ஒரு நாடு, அதற்கு அரசி வெண்ணி. நடுவே வயல்நாடு. அதன் அரசன் பெருஞ்சாத்தன். நல்லவன்தான், ஆனால் நாலு பேர் தன்னை நல்லவன் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் அவனுக்கு.

மூவரும் வெகுகாலம் அடித்துக்கொண்டு, அலுத்துப்போய், ஒருநாள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து பேசினார்கள். முதல் வருடம் நெல் அளக்க மூன்று நாட்டுக்கும் ஒரே மரக்கால் என்று வைத்தார்கள். வயல்நாட்டு வியாபாரிகளின் மரக்கால் மட்டும் கொஞ்சம் சின்னதாக இருந்தது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டாம் வருடம் எல்லையில் இருந்த சுங்கச் சாவடிகளை இடித்தார்கள். உப்பு வண்டி நிற்காமல் மலையேறியது, தேன்குடம் நிற்காமல் கடலுக்கு இறங்கியது. மூன்றாம் வருடம், மூன்று எல்லையும் கூடும் மேட்டில் பொதுக் களஞ்சியம் ஒன்று கட்டினார்கள். யாருக்குப் பஞ்சம் வந்தாலும் அதில் இருப்பது அவர்களுக்கு.

அங்கேதான் பெருஞ்சாத்தனின் மனசு உறுத்தியது. களஞ்சியத்தில் பாதிக்கு மேல் அவன் நாட்டு நெல். "மூணு பூட்டு போடலாம். ஆளுக்கொரு சாவி. மூணு பேரும் நேர்ல வந்து திறந்தாத்தான் கதவு திறக்கணும்" என்றான். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சரி என்றார்கள். மூவரும் ஆற்றில் இறங்கி, அண்ணன் தங்கையாக இருப்போம் என்று சத்தியம் செய்தார்கள்.

ஏழு வருடம் நன்றாகப் போயிற்று. எட்டாம் வருடம் கடல் பொங்கி வெண்ணியின் நாட்டுக்குள் வந்துவிட்டது. கிணறெல்லாம் உப்பு, படகெல்லாம் விறகு. ஜனங்கள் நடந்தே களஞ்சிய மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கோடன் சாவியோடு ஓடி வந்தான். தன்னிடம் இருந்த தினையையும் கிழங்கையும் கொடுத்தான். மலைநாட்டில் எவ்வளவு இருக்கும்? பத்து நாளைக்குக்கூட வரவில்லை.

பெருஞ்சாத்தனிடம் வெண்ணியின் தூதன் வந்தான். "அறுப்பு நடக்குது. முடியட்டும், வர்றேன்" என்றான் அரசன். அது பொய்யில்லை, அறுப்பு நடந்துகொண்டுதான் இருந்தது.

இரண்டாம் தூதன் வந்தான். "நல்ல காரியத்துக்குப் போறோம். நாள் பார்த்துத்தானே கிளம்பணும்" என்றான். நாள் பார்த்ததில் எட்டு நாள் போயிற்று.

மூன்றாம் தூதன் வந்து நின்றான். கால் வீங்கியிருந்தது. அவனைப் பார்த்தும் பெருஞ்சாத்தனுக்கு மனசு இளகவில்லை. நெல் யாருடையது என்று அவர்கள் ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றிருந்தது அவனுக்கு. "உங்க ராணி நேர்ல வந்து ஒரு வார்த்தை கேட்கட்டுமே" என்றான்.

"அவங்க சனங்களை விட்டு நகர மாட்டாங்க, மகாராசா" என்றான் தூதன். வீங்கிய காலோடு திரும்பிப் போனான்.

அந்த ஒரு வாக்கியம் பெருஞ்சாத்தனைத் தூங்கவிடவில்லை. விடிந்ததும் நாளும் பார்க்காமல், பரிவாரமும் இல்லாமல் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

மேட்டில் ஏறியபோது முதலில் கண்ணில் பட்டவை மண் குவியல்கள். புதிதாகத் தோண்டி மூடியவை. எல்லாமே சின்னச் சின்னதாக இருந்தன. கதவில் இரண்டு பூட்டுகள் திறந்து தொங்கின. மூன்றாவது பூட்டு அவனுடையது. சுற்றிலும் மலைநாட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொருவர் தோளிலும் மரம் வெட்டுகிற கோடாலி. கதவோ வெறும் மரக்கதவு.

அவன் பூட்டைத் திறந்தான். நெல் சரிந்து அவன் காலடியில் கொட்டியது. யாரும் ஓடி வரவில்லை. எழுந்து நிற்கத் தெம்புள்ளவர்கள் மெல்ல வந்து அள்ளிக்கொண்டார்கள்.

"இத்தனை கோடாலி இருக்கே, வெண்ணி. ஏன் உடைக்கல?" என்று கேட்டான்.

வெண்ணி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "கோடண்ணன் கோடாலிய ஓங்கினாரு. என் சனங்கதான் குறுக்க விழுந்து தடுத்தாங்க. இன்னைக்கு நாம உடைச்சிட்டா நாளைக்கு இதுல யாரும் நெல்லு போட மாட்டாங்க, நம்ம பிள்ளைங்க காலத்துக்கு இது வேணும்னாங்க. அண்ணன் வந்துருவாருன்னு இருந்தோம்" என்றாள்.

பெருஞ்சாத்தன் அந்தச் சின்ன மண் குவியல்களைப் பார்த்தான். அந்தப் பிள்ளைகள்தான் அங்கே கிடந்தார்கள்.

தன் பூட்டைக் கழற்றி ஆற்றில் எறிந்தான். அதற்குப்பின் அந்தக் கதவில் பூட்டே இல்லை. மரக்கால் மாறவில்லை, சாவடி திரும்ப எழும்பவில்லை, உப்பு வண்டிகளும் வழக்கம்போல வந்துபோயின. ஆனால் கடல்நாட்டு வண்டிக்காரர்கள் வயல்நாட்டைத் தாண்டும்வரை பசித்தாலும் யார் வீட்டிலும் கை நனைக்க மாட்டார்கள். பெருஞ்சாத்தன் சாகும்வரை வாசலில் இலை போட்டு அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

கேட்டவர்களே, கூடி வாழ்வோம் என்று வாக்குக் கொடுத்தவன், கேட்கவைத்துக் கொடுக்கலாம் என்று காத்திருந்தால், அவன் கொடுப்பது யாருக்கும் உதவாமல் போகும்.